சுப்பராயன் சொல்ல, ஞானம்மா அடிக்க

சுப்பராயனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவர் குரலைத்தான் சொல்ல வேண்டும். ஆள் ஒல்லி. பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்றாவதாக அவரை நுழைத்துவிடலாம். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி செய்யும் ஆலை ஒன்றின் பரிசோதனை அறையில் உட்கார்ந்து அவர் எண்களைப் படித்தால், உலையின் இரைச்சலையும் மீறி, வெளியே லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர்களுக்குக்கூடக் கேட்கும்.

நான் அருணா. பொன்னேரியில் வீடு. பேட்டையில் உள்ள சின்ன ஆலைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று பேட்டை முழுக்கச் சொல்வார்கள். யார் சொல்கிறார்கள் தெரியுமா? பிளக்கையே சொருகாமல், "மேடம், சிஸ்டம் செத்துப்போச்சு, ஓடியாங்க" என்று போன் போடுகிறவர்கள். கோபம் வராமல் கொஞ்சலா வரும்?

சுப்பராயனுக்குச் சொந்த ஊர் ஆரணி. எங்கள் பொன்னேரிப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் நம் ஆரணிதான். பட்டுப் புடவை ஆரணி என்று நினைத்துக்கொண்டு யாரும் அவரிடம் புடவை விலை விசாரிக்கக் கூடாது, கடுப்பாகிவிடுவார். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆலையில் லோடு ஏற்றும் வேலைக்கு வந்தார். அவர் போட்ட ஒரு சத்தத்தில் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த லாரி நின்று ஓர் ஆள் பிழைத்தான் என்று ஒரு கதை உண்டு. அதிலிருந்து லாரி நம்பரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். அப்படியே ஆபீஸ் பக்கம் வந்து சேர்ந்தார். இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் செய்து வைத்தார். தன் கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கிருதா நரைத்த பிறகு கேட்பவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

பரிசோதனை அறையில் ஞானம்மா இருந்தார். பொன்னேரிக்காரர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. புருஷன் இறந்தபோது மகள் ஏஞ்சலின் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு டைப்பிங் கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தவர் ஞானம்மா. இப்போது ஏஞ்சலின் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஞானம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் ஆலை என்று ஒரே சீராக இருப்பவர். அதிகம் பேசமாட்டார். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

இவர்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை.

உலையில் ஒரு முறை இரும்பை உருக்குவதை ஒரு ஹீட் என்பார்கள். ஒவ்வொரு ஹீட்டிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து ஒரு மெஷினில் வைப்பார்கள். அதில் கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று மெஷின் சொல்லும். அந்த மெஷினுக்கான மென்பொருள் அரதப்பழசு, பழைய விண்டோஸில்தான் ஓடும். பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடியதும் நான் புதிதாக ஒன்று வாங்கி லினக்ஸ் போட்டேன். பழைய விண்டோஸைத் தூக்கி அதற்குள்ளேயே ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டராக வைத்தேன். வீட்டுக்குள் ஒண்டுக்குடித்தனம் வைத்ததுபோல. ஒரே திரையில் இந்தப் பக்கம் பழைய விண்டோஸ் ஜன்னல், அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்குப் போகும் சான்றிதழ். எல்லாம் ஓடியது. ஒன்றே ஒன்று தவிர. உள்ளே காப்பி செய்த எண்ணை வெளியே பேஸ்ட் செய்ய முடியாது. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவே சுவர். அந்தச் சுவரில் வழி விட வேண்டுமானால் உள்ளே ஒரு துணை மென்பொருள் போட வேண்டும். அதைப் போட்டதும் மெஷினின் மென்பொருள் முரண்டு பிடித்தது. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

எண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். ஞானம்மாவோ, "கண்ணாடி போட்டா தலவலி வருதும்மா, போடாட்டா அந்தப் பொடி எழுத்து தெரிய மாட்டேங்குது" என்றார். அதனால் படித்துச் சொல்ல சுப்பராயனை அனுப்பினார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்த கூத்து அது. கால் நூற்றாண்டாக சூலூர்பேட்டை ரயில் லைனில் போய்வருகிற ஆள். ஸ்டேஷன் அறிவிப்பு அவர் ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! கார்பன் பாயிண்ட் ரெண்டு ஒண்ணு, மொத பிளாட்பாரத்துல வந்துகினு கீது!"

"ஆச்சு."

"மாங்கனீசு பாயிண்ட் ஆறு நாலு. கவரப்பேட்டைல நிக்காது!"

"ஆச்சு. சிரிப்பு காட்டாம படிங்க, தப்பா அடிச்சிடப் போறேன்."

"பாஸ்பரஸ் சற்றுத் தாமதமாக வரும். தடங்கலுக்கு வருந்துகிறோம். பாயிண்ட் சைபர் மூணு!"

"ஆச்சு, ஆச்சு."

ஒவ்வோர் எண்ணையும் அடித்து முடித்ததும் ஞானம்மா "ஆச்சு" என்பார். அந்த வார்த்தை காதில் விழாமல் சுப்பராயன் அடுத்த எண்ணைச் சொல்ல மாட்டார். உலை பெரிதாக இரைந்தால் காத்திருப்பார், "ஆச்சா?" என்றுகூடக் கேட்க மாட்டார். நான் பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது இதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். என் சிடுசிடுப்புகூடக் கொஞ்சம் இறங்கிவிடும்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பிறகு சரவணகுமார் மேனேஜராக வந்தார். திருவள்ளூர்க்காரர், சின்ன வயது, நல்ல மனிதர். ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், ஒரே ஸ்கிரீன்ல இருக்குற நம்பர இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் கொண்டுபோக ரெண்டு ஆளா? காப்பி பேஸ்ட் பண்ண முடியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. "முடியாதுன்னு யாரு சொன்னது? பண்ணித் தரேன்" என்று வீம்பாகச் சொன்னேன். தேடிப் பிடித்து, அந்தத் துணை மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். இந்த முறை முரண்டு பிடிக்கவில்லை. பிறகு மேல்பட்டையில் ஒரு பட்டியலைத் திறந்து, கிளிப்போர்டை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு கிளிக் போதும்.

நான் அதைச் செய்தபோது மூன்று பேரும் என் பின்னால் நின்றார்கள். சரவணகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுப்பராயன் ஞானம்மாவைப் பார்த்தார். ஞானம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். கண்ணாடி நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. தலைவலி வந்த மாதிரியும் தெரியவில்லை.

உள்ளே காப்பி செய்தேன், வெளியே பேஸ்ட் செய்தேன். அத்தனை எண்களும் வரிசையாக வந்து விழுந்தன.

"சூப்பர் மேடம்!" என்று சரவணகுமார் கை தட்டினார். "சுப்பராயன், கொஞ்ச நாள் இது ஒழுங்கா ஓடுதான்னு பாப்போம். ஓடுச்சுன்னா நீங்க தேர்வாய் கண்டிகை யூனிட்டுக்குப் போயிடுங்க. அங்க லாரிங்கள மேய்க்க உங்கள மாதிரி ஒரு குரல்தான் வேணும்."

சுப்பராயன் தலையாட்டினார். "அப்ப நான் இனிமே படிக்கத் தேவையில்ல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததுபோலவே இல்லை, அவ்வளவு மெதுவாக வந்தது. எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் எதை நினைத்து அப்படிக் கேட்டார் என்று புரியாத அளவுக்கு நான் மட்டி இல்லை.

மறுநாள் காலையில் போன். "மேடம், பேஸ்ட் ஆக மாட்டேங்குது."

போய்ப் பார்த்தால் கிளிப்போர்டைப் பொதுவாக்கும் அந்த அமைப்பு அணைந்திருந்தது. சரி, நான்தான் சேமிக்காமல் விட்டேன் போலிருக்கிறது என்று திரும்பப் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். மறுபடியும் அணைந்திருந்தது. அடப்பாவி! உலையை முடுக்கும்போது பேட்டையில் மின்சாரம் ஆட்டம் போடும், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லி யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி மாற்ற வைத்தேன். மாற்றிய மறுநாளும் போன். வைரஸா என்று பார்த்தேன், இல்லை. துணை மென்பொருளைக் கழற்றி மாட்டினேன். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனம் உள்ளே ஒழுகிவிட்டதோ என்று பெட்டியைத் திறந்துகூடப் பார்த்தேன். புத்தி பேதலித்தவள் மாதிரி ஆகிவிட்டேன்.

ஒவ்வொரு முறை நான் போகும்போதும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" அறிவிப்பு நடந்துகொண்டிருக்கும். பேஸ்ட் ஆகாதபோது படித்துத்தானே ஆக வேண்டும்.

நாலாவது தடவை சரவணகுமாரே பேசினார். "மேடம், கோச்சுக்காதீங்க. உங்களுக்கு டைம் இல்லன்னா வேற யாரையாச்சும் பாக்கட்டுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேறு யாரையாவது பார்ப்பாராமே! சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்குள் போனேன். பரிசோதனை அறைக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

சுப்பராயன் மட்டும் இருந்தார். மவுஸ் அவர் கையில் இருந்தது. திரை முழுக்கத் தலைகீழாகத் திரும்பியிருந்தது. அதைப் படிக்க அவர் கழுத்தைத் தோளோடு சாய்த்து, கிட்டத்தட்ட மேசையில் படுத்திருந்தார்.

"சுப்பராயண்ணா!"

தூக்கிவாரிப் போட்டதில் மவுஸ் கீழே விழுந்தது.

"நீங்கதானா? நாலு தபா என்ன அலைய வுட்டது நீங்கதானா? பேட்டரி மாத்த வெச்சேனே, பாவி மனுஷா! எனக்கு இன்னா வேற வேல வெட்டி இல்லியா?"

"அய்ய, கத்தாதம்மா, அவங்க கை கழுவத்தான் போய்க்கீறாங்க" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "நாலு தபால்லாம் இல்லம்மா. சத்தியமா இன்னிக்குத்தான் மொத தபா. வேற ஆளக் கூட்டியாந்து சரி பண்ணிடுவாங்களோன்னு, ஒரேடியா அணைச்சிடலாம்னு பாத்தேன். அத எங்க போய் அணைக்கணும்னே எனக்குத் தெரியல. எதையோ அமுக்கினேன், எழுத்து பெருசாச்சு. இன்னொண்ண அமுக்கினேன், எல்லாம் தலகீழாப் போச்சு. பேஜாராப் போச்சும்மா."

"நான் பண்ணப்ப பின்னாடிதானே நின்னுகினு இருந்தீங்க?"

"நின்னேன். நான் எங்க ஸ்கிரீனப் பாத்தேன்?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு திரையை நேராக்கினேன். "எதுக்கு அணைக்கணும்? வாயத் தொறந்து சொல்லுங்க."

அவர் ஒரு தரம் கதவைப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய குரலை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிச் சொன்னார். "தேர்வாய்க்குப் போனா சம்பளம் கொறையாது, வேலயும் இதவிட லேசு. எல்லாம் சர்த்தான். ஆனா நான் ஒண்ணு சொல்லி, அவங்க 'ஆச்சு'ன்னு சொல்லாட்டி எனக்கு அந்த நாளு நகராதும்மா. அவ்ளோதான்."

"அத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டு, அவங்க வேணாம்னுட்டா? இப்ப பக்கத்துலயாவது குந்திக்கினு கீறேன். அதுவும் போச்சுன்னா?"

நான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். கிளிப்போர்டு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

சுப்பராயன் அணைக்கவில்லை. அவருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. யூபிஎஸ் இல்லை, உலை இல்லை, சந்தனம் இல்லை. இந்த அறையில் இந்த மேசையில் உட்காரும் இன்னோர் ஆள் யார்? கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் கை எங்கே போகிறது, எங்கே கிளிக் செய்கிறது என்று உற்றுப் பார்த்தது யார்? அட, ஞானம்மாக்கா!

நான் வாயைத் திறப்பதற்குள் ஞானம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். பின்னாலேயே சரவணகுமார். நான் வந்திருப்பதை வாட்ச்மேன் சொல்லியிருப்பான்.

"சொல்லுங்க மேடம், எதனாலன்னு கண்டுபுடிச்சீங்களா?"

கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தத்தான் நினைத்தேன். என் மானம் போயிருக்கிறது, வேலை போக இருந்தது. "கண்டுபுடிச்சிட்டேன் சார், இத அணைச்சது யாருன்னா..." என்று ஆரம்பித்தேன். ஞானம்மா என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். சுப்பராயனோ, பழி தன்மேல்தான் விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் சார்" என்றார் ஞானம்மா.

சுப்பராயன் நிமிர்ந்தார்.

"நீங்களா?" சரவணகுமாருக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"அது ஓடுச்சுன்னா இவர தேர்வாய்க்கு அனுப்பிடுவேன்னு சொன்னீங்க. இவரு படிக்கணும் சார்."

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்கலாமே?"

"கண்ணாடி பையிலதான் சார் கீது. கண்ணும் நல்லாத்தான் தெரியுது. தலவலியும் கெடையாது." ஒரு மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "அப்பலேர்ந்தே கெடையாது."

என் கோபம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. சரவணகுமார் என்னைப் பார்த்தார், நான் பிரிண்டரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், மொதல்ல அதப் போட்டு விடுங்க" என்றார். போட்டேன். "சுப்பராயன், திங்கக்கெழமலேர்ந்து தேர்வாய். அதுல மாத்தமில்ல. அங்க லாரிங்க நின்னுகிட்டு இருக்கு." கதவருகே போனவர் திரும்பினார். "இன்னிக்கு மீதி இருக்குற ஹீட்ட மட்டும் பழையபடியே படிச்சு முடிச்சிடுங்க." சொன்னாரே தவிர, போகவில்லை. அங்கேயே நின்றார்.

சுப்பராயன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஞானம்மா விசைப்பலகையில் கையை வைத்தார். கண்ணாடியைப் போடவில்லை.

"பயணிகளின்..." தண்ணீர் குடித்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கார்பன் பாயிண்ட் ரெண்டு மூணு."

"ஆச்சு."

"மாங்கனீசு பாயிண்ட் ஆறு ரெண்டு."

"ஆச்சு."

"சிலிக்கான் பாயிண்ட் ஒண்ணு ஒம்போது."

"ஆச்சு."

"அடுத்து, ஆரணி சுப்பராயன். வயசு நாப்பத்திமூணு. தங்கச்சிங்கள கட்டிக் குடுத்தாச்சு. சொந்தமா ஓட்டு ஊடு ஒண்ணு கீது. சர்ச்சுக்கும் வருவாரு, வெளிய நிக்கச் சொன்னா வெளியயும் நிப்பாரு. பொன்னேரி ஞானம்மாவ கட்டிக்க இஷ்டம். அவங்களுக்கும் இஷ்டம் இருந்தா."

ஞானம்மாவின் விரல்கள் நிற்கவே இல்லை. இரண்டு வருஷப் பழக்கம், அவர் சொல்லச் சொல்ல இவர் அடித்துக்கொண்டே போனார். கடைசி வார்த்தையை அடித்ததும்தான் கை நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. அந்த நேரம் பார்த்து உலையை முடுக்கினார்கள், அறையே அதிர்ந்தது. சுப்பராயன் "ஆச்சா?" என்று கேட்கவில்லை. என்றைக்கும்போல இரைச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்தார். எனக்கோ பொறுமை போய்விட்டது, அந்த உலைக்காரனை ஓடிப்போய் அறையலாமா என்றிருந்தது.

இரைச்சல் அடங்கியது.

"ஆச்சு" என்றார் ஞானம்மா.

சரவணகுமார் எட்டிப் பார்த்தார். சிலிக்கானுக்குக் கீழே, பாஸ்பரஸ் வர வேண்டிய இடத்தில், சுப்பராயனின் ஓட்டு வீடு வரைக்கும் எல்லாம் தெளிவாக இருந்தது.

"கஸ்டமருக்குப் போற சர்டிபிகேட்டும்மா அது" என்றார், சிரிப்பை அடக்க முடியாமல். "அத அழிச்சிட்டு பிரிண்ட் போடுங்க."

"ஒரு நிமிஷம் சார்" என்று நான் மவுஸைப் பிடுங்கினேன். அந்த வரிகளை மட்டும் காப்பி செய்து, உள்ளே இருந்த பழைய விண்டோஸில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து பேஸ்ட் செய்தேன். சுவரைத் தாண்டி அச்சுப் பிசகாமல் போய் விழுந்தது. பாருங்கள், என் வேலையில் எந்தக் குறையும் இல்லை. அதையும் அவர்கள் முன்னாலேயே சொல்லிக் காட்டினேன்.

பொன்னேரி சார்பதிவாளர் ஆபீஸில்தான் கல்யாணம். ஏஞ்சலின் லீவு போட்டு வந்து அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டாள், சுப்பராயனை "நைனா" என்று கூப்பிட்டு அவரை அழவைத்தாள். சாட்சிக் கையெழுத்து ஏஞ்சலினும் நானும் சரவணகுமாரும். பிரியாணி சாப்பிடும்போது அவர் மெதுவாக, "அந்த யூபிஎஸ் பேட்டரி தேவையில்லாமதான மாத்துனோம் மேடம்?" என்று கேட்டார். கறித்துண்டு வாயில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

சுப்பராயன் இப்போது தேர்வாய் கண்டிகையில் லாரிகளை மேய்க்கிறார். அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, ஸ்டேஷனில் ஞானம்மாவோடு சேர்ந்துகொள்கிறார். போன வாரம் ஒரே பெட்டியில் வந்தோம். ஏஞ்சலின் அனுப்பிய வாட்சப் செய்திகளைச் சுப்பராயன் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார், பெட்டி முழுக்கக் கேட்டது. ஞானம்மா தன் கண்ணாடியை மடியில் கிடந்த பைக்குள்ளேயே வைத்திருந்தார். ஒரு செய்தி முடிந்ததும் "ஆச்சு" என்றார், சுப்பராயன் அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தார்.